இஸ்திரி வண்டியோரம் வாசித்த உரை

சார்,

இன்று காலை மருமகள் வசந்தி, பேரனின் பள்ளிச் சட்டைமேல் கரண்டு இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டாள். பருத்தி தீயும் வாசம் வீடு முழுக்க வந்தது. எழுந்து ஓடிப் பெட்டியைத் தூக்கியிருக்க வேண்டியவன் நான். உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன்.

"இன்னா மாமா, சட்ட எரியுது, நீங்க சிரிச்சிக்கினு கீறீங்க?" என்று வசந்தி ஓடி வந்தாள்.

உங்களைப் பற்றிச் சொன்னேன். முதலில் கோபமாகத்தான் கேட்டாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பேரனின் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். ஆனா வேகமா சொன்னா விட்டுடுவேன்" என்றாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆகவே இதில் ஏதாவது தப்பு இருந்தால் ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்கிறோம்.

சேலையூரில் உங்கள் வீட்டுக் கேட்டுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் என் இஸ்திரி வண்டி நின்றது. நீங்கள் டெலிபோன் ஆபீஸில் ரிட்டையர் ஆகி, ஒரு மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அறிவியல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அது எனக்குத் தெரியாது. கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசியபடி தெருவில் நடக்கிற மனிதர் என்றுதான் தெரியும். பென்ஷன் வந்த பிறகு சில பேருக்கு அப்படி ஆகும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் சட்டை வாங்க வந்த நீங்கள், உங்கள் முறை வரும் வரை காகிதத்தை உரக்கப் படித்தீர்கள். நாம் நடந்தால் நிலா ஏன் கூடவே வருகிறது என்று அதில் இருந்தது. பக்கத்தில் இருக்கிற மரம் பின்னால் போய்விடும், தூரத்தில் இருக்கிற மலை மெதுவாகப் பின்னால் போகும், நிலா இருக்கிற தூரத்துக்கு நாம் நடக்கிற நடை ஒரு நடையே இல்லை, அதனால் அது நகராமல் நம்முடனே வருவதுபோலத் தெரிகிறது என்று படித்தீர்கள். சின்ன வயதிலிருந்து நிலா என்னுடன் மட்டும் வருகிறது என்று நினைத்திருந்தவன் நான். அப்படியே நின்றுவிட்டேன். பெட்டியும் நின்றுவிட்டது. பேங்க் ஆபீசர் வீட்டு வெள்ளைச் சட்டையின் முதுகில், பெட்டியின் உருவம் மூக்கும் முழியுமாக விழுந்தது.

ஆபீசர் வீட்டம்மா கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்கள் உள்ளே ஓடிப்போய் உங்கள் புதுச்சட்டையை எடுத்துவந்து அந்தம்மாவிடம் கொடுத்தீர்கள். ஆபீசருக்கு அது முட்டிவரை தொங்கியது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று பார்த்தால், தீய்ந்த சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றீர்கள்.

"கன்னியப்பன், முப்பது கட்டுரை எழுதியிருக்கேன். படிச்சவங்க யாரும் கைவேலையை நிறுத்தினதா எனக்குத் தெரியாது. நீங்க நிறுத்திட்டீங்க."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எந்தக் கட்டுரையானாலும் முதலில் என் வண்டியோரம் வாசிப்பு. பெட்டி நின்றால் நல்ல இடம். ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வீர்கள். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் முகம் வாடிவிடும். நான் "புரியல சார்" என்றால் மட்டும் உங்களுக்குக் குஷி. "நல்லா சொன்னீங்க, தப்பு என்மேல" என்று அங்கேயே அடித்துத் திருத்துவீர்கள். தெருப் பெண்கள் உஷாராகிவிட்டார்கள். காகிதத்தோடு நீங்கள் கேட்டைத் திறந்தாலே, "யக்கா, சார் வர்றாரு, பட்டுப்புடவைய எடுத்துக்கோ!" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் அந்த மாநாடு வந்தது. தென் மாநிலங்களில் அறிவியல் எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள், படம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் கூடுகிறார்கள் என்றும், உங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஏன் என்று உங்கள் வீட்டு அம்மாதான் காப்பி கொண்டுவந்தபோது சொன்னார்கள்.

"பத்திரிகைக்குப் புதுசா ஒரு எடிட்டர் வந்திருக்காரு. இவர் எழுதறது ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமா இருக்காம், இப்போ எல்லாரும் இன்டர்நெட் பாக்குறாங்களாம். மாநாட்டுக்கு வர்றாராம். இவர் பேசறதைக் கேட்டுட்டு அந்தக் கடைசிப் பக்கம் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவாராம். பக்கம் போச்சுன்னா என் கதி என்ன கன்னியப்பன்? இந்த மனுஷன் நாள் முழுக்க அடுப்படியில நின்னு, ரசம் ஏன் பொங்குதுன்னு எனக்குப் பாடம் எடுப்பாரு."

நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் காலையில் எழுந்து முகம் மழிக்கிறீர்கள்.

எடிட்டரை அசத்த வேண்டும் என்று முதலில் ஒரு உரை எழுதினீர்கள். அதை வண்டியோரம் வாசித்தீர்கள். வாசித்து முடித்துவிட்டு, "எப்படி?" என்றீர்கள்.

"நல்லா கீது சார். பன்னெண்டு சட்ட முடிஞ்சிட்சி."

காகிதத்தை நாலாக மடித்தீர்கள். கிழிக்கத்தான் போகிறீர்கள் என்று தெரிந்து, மனசு கேட்காமல் வேறு பேச்சை எடுத்தேன். "அது இருக்கட்டும் சார். நான் முப்பது வருசமா துணியில தண்ணி தெளிக்கறேன். தண்ணி தெளிச்சா ஏன் சுருக்கம் போவுது? அத எழுதியிருக்கீங்களா?"

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். கேட்டைக்கூடச் சாத்தாமல் உள்ளே போனீர்கள். மறுநாள் காலை புது உரையோடு வந்தீர்கள். ஒன்பது நாள் அதே உரை. தினம் நாலு வரி போகும், மூன்று வரி வரும். ஒன்பது நாளில் அது எனக்கு மனப்பாடம். உங்களுக்குத்தான் ஆகவில்லை, தினமும் மாற்றினால் எப்படி ஆகும்?

மாநாட்டன்று காலை பனியனோடு வந்து நின்றீர்கள். மேடைக்குப் போட வேண்டிய சட்டை என் வண்டியில். கடைசியாக ஒருமுறை வாசித்தீர்கள். முடித்ததும் காகிதத்தை மடித்து, பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் வைத்தீர்கள். சட்டை உங்கள் உடம்பில் இல்லை, என் பலகையில் இருந்தது. நானாவது பார்த்திருக்க வேண்டும். பையைத் தடவாமல் பெட்டி வைக்காதே என்று என் அப்பா அடித்துச் சொல்லிக் கொடுத்த தொழில். ஆனால் நான் அந்த உரையின் கடைசி வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். நன்றாகத் தண்ணீர் தெளித்தேன். அழுத்தித் தேய்த்தேன். மடிப்பு கத்திமாதிரி நின்றது. நீங்கள் போட்டுக்கொண்டு, "நீங்களும் வாங்க" என்று என்னையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றினீர்கள். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, கசங்கக் கூடாது என்று தாம்பரம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

வாசலில் மேசை போட்டு ஒரு பெண் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "சார் ரைட்டரா, கம்யூனிகேட்டரா?" என்றாள்.

"முதல் வாசகர்னு போடும்மா" என்றீர்கள் நீங்கள்.

அவளும் போட்டாள். கையெழுத்து கேட்டாள். இத்தனை எழுத்தாளர்கள் வருகிற இடத்தில் மைப்பெட்டி எதற்கு வைத்திருப்பார்கள்? நீங்கள்தான் உங்கள் பேனாவைத் திறந்து என் கட்டைவிரலில் நீலம் பூசினீர்கள். முதல் வாசகர் கைநாட்டு வைத்ததைப் பார்த்து அந்தப் பெண் பேனாவை மூடவே மறந்துபோனாள். கழுத்தில் அட்டை, தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு நோட்டு, ஒரு பேனா. அந்தப் பேனாவை நான் காது குடையத்தான் வைத்துக்கொண்டேன்.

மதியம் வரை மேடையில் பாமரன், பாமரன் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். பாமரனுக்கு எப்படிச் சொல்வது, பாமரனுக்கு எவ்வளவு சொல்வது, பாமரன் தாங்குவானா என்று ஐந்து பேர் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

"யாரு சார் அந்தப் பாமரன்?" என்று உங்கள் காதில் கேட்டேன்.

"உங்களைத்தான் சொல்றாங்க."

"இங்கதான கீறேன். என்னியே கேக்கலாமே?"

உங்களுக்குச் சிரிப்பு வந்து இருமலில் போய் முடிந்தது. முன்வரிசையில் இருந்த தங்கக் கண்ணாடிக்காரர் திரும்பி முறைத்தார். அவர்தான் எடிட்டர் என்று அம்மா என் விலாவில் இடித்துச் சொன்னார்கள்.

தயிர்சாதம் முடிந்த பிறகு உங்கள் முறை. அரங்கத்தில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். நீங்கள் மேடையேறி வணக்கம் சொல்லி, பையிலிருந்து காகிதத்தை எடுத்தீர்கள். அது பிரிய மறுத்தது. இழுத்துப் பிரித்தீர்கள். மேடையிலிருந்து நீங்கள் பார்த்ததை நான் மூன்றாவது வரிசையிலிருந்தே பார்த்தேன். வானம் மாதிரி ஒரே நீலம். ஓர் எழுத்து இல்லை.

"கன்னியப்பன், என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று அம்மா பல்லைக் கடித்தார்கள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். திட்டுகிற பார்வை இல்லை. ரயிலைத் தவறவிட்டவன் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பானே, அந்தப் பார்வை. எடிட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"'பஸ்ஸில் நெருக்கி நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்'னு ஆரம்பம் சார்!"

தலைவராக உட்கார்ந்திருந்தவர் மைக்கைப் பிடித்து, "யாருங்க அது? உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

"மன்னிக்கணும், அவர்தான் என் பேப்பர்" என்றீர்கள் நீங்கள்.

தூங்கினவர்கள் விழித்துக்கொண்டார்கள். நான் ஒரு வரி சொல்ல, நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேசினீர்கள். பருத்தி நூலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சங்கிலிகள் கைகோத்து நிற்கின்றன. சுருங்கிய துணியில் அவை கோணல்மாணலாகக் கோத்திருக்கின்றன. தண்ணீர் கண்டக்டர் மாதிரி நடுவில் புகுந்து கைகளை விலக்குகிறது. பெட்டி அவற்றைச் சமமாக நிற்க வைக்கிறது. சூட்டில் தண்ணீர் இறங்கிப் போனதும் நின்ற இடத்திலேயே மறுபடி கைகோத்துக்கொள்கின்றன. நன்றாகத்தான் போனது. ஆனால் என் ஞாபகத்தின் கோளாறு உங்களுக்குத் தெரியுமே. நூல்கண்டு மாதிரி, ஒரு நுனியை இழுத்தால் எல்லாம் வரும். எது உரை, எது உங்கள் முணுமுணுப்பு என்று பிரித்துக் கொடுக்க அந்தப் பதற்றத்தில் எனக்கு வரவில்லை.

"'சங்கிலிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. லட்சமா, கோடியா? பாத்து எழுதணும். ஏம்மா, காப்பி ஆறிப்போச்சு, இதை மனுஷன் குடிப்பானா?'"

அரங்கம் வெடித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை.

"'இந்த எடத்துல எடிட்டருக்காக ரெண்டு கஷ்டமான வார்த்தை போடணும். இல்லன்னா அந்த ஆளுக்கு இது எழுத்துன்னே தோணாது.'"

அப்புறம்தான் என் காதில் விழுந்தது, நான் சொன்னது. நீங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டீர்கள். போச்சு, பக்கம் போச்சு, என் வாயால் போச்சு என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

எடிட்டர் எழுந்தார். உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எந்த ரெண்டு வார்த்தை?"

"தெரியாது சார். சொன்னாரு, நான் புரியலன்னேன். அங்கியே அடிச்சிட்டாரு."

"அப்போ உரையில இல்லையா?"

"இல்ல சார். எனக்குப் புரியாதது எதுவும் அதுல இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "எல்லாம் புரிஞ்சுபோச்சா உங்களுக்கு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நிஜமாகவே பதில் சொன்னேன்.

"பருத்தி புரிஞ்சிட்சி சார். ஆனா பாலியஸ்டரு தண்ணியே குடிக்காது, தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடுது. அப்போ அதுல எப்படி சுருக்கம் போவுது? அத இவரு சொல்லல."

எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். படித்த மனிதர்கள் அத்தனை பேர் முன்னால், மைக்கில், நீங்கள் சொன்னீர்கள்: "எனக்கு உறுதியாத் தெரியாது. கேட்டுட்டு அடுத்த மாசம் எழுதறேன்."

"அடுத்த மாசமா?" என்றார் எடிட்டர்.

"பக்கம் இருந்தா."

"பதில் தெரியாம நான் எப்படிப் பக்கத்தை எடுக்கறது?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காலையில் பாமரனுக்காகச் சண்டை போட்ட ஐந்து பேரும் சேர்ந்து கை தட்டினார்கள். திரும்பும்போது ஆட்டோவில் நீங்கள் மூச்சைப் பிடிக்கவில்லை. சட்டை நன்றாகக் கசங்கியது. அம்மா மட்டும் ஒரு வாரம் எனக்குக் காப்பி கொடுக்கவில்லை.

பாலியஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும் ஜாதி என்று அடுத்த மாதம் எழுதினீர்கள். பெட்டி நின்றது. அதற்கப்புறம் மூன்று வருடம் அந்தப் பக்கம் நிற்காமல் வந்தது.

கடைசிக் கட்டுரையை ஒரு மார்கழிக் காலையில் வாசித்தீர்கள். மத்தியானம் கேட்காத தாம்பரம் ரயில் சத்தம், அதிகாலையில் மட்டும் சேலையூருக்கு ஏன் பக்கத்து வீட்டில் ஓடுவதுபோலக் கேட்கிறது என்று. அந்த நேரத்தில் தரையோரக் காற்று குளிர்ந்திருக்கும், மேலே இருக்கிற காற்று கொஞ்சம் சூடு; சத்தம் சூட்டில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் போகும்; அதனால் மேலே போய்விட வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கிவிடுகிறது என்று படித்தீர்கள்.

"வேகமா போவுது, மெதுவா போவுது, சரி சார். அதுக்கு ஏன் வளையணும்? புரியல."

உங்களுக்குக் குஷி வந்தது. "ஆமா, ஏன் வளையணும்? எனக்குக் கணக்கா தெரியுது, வார்த்தையா வரல. ஒரு உதாரணம் வேணும் கன்னியப்பன். நாளைக்கு யோசிச்சுட்டு வரேன்."

மறுநாள் கேட் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றார்கள். நாலாம் நாள் நான் தேய்த்த வேட்டியைத்தான் உங்களுக்குக் கட்டினார்கள். அந்தக் காகிதம் வீட்டில் எங்கு தேடியும் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. கட்டுரை என் ஞாபகத்தில் இருந்தது; யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன செய்வது, நடுவில் ஓர் இடம் காலியாக இருந்ததே. இத்தனை வருடம் அந்தக் காலி இடத்தோடு அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் கேம்ப் ரோட்டில் கால்வாய்க்குத் தோண்டி, ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க மணலைக் கொட்டியிருந்தார்கள். தக்காளி வண்டி தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஒரு பக்கத்துச் சக்கரம் தாரில், மறுபக்கத்துச் சக்கரம் மணலில். அவள் நேராகத்தான் தள்ளினாள். தார் பக்கம் வேகமாக ஓடியது, மணல் பக்கம் இழுத்துப் பிடித்தது, வண்டி தானாக வளைந்து மணலுக்குள் திரும்பிவிட்டது. தக்காளி உருண்டது. நான் நின்ற இடத்தில் நின்றேன்.

"இன்னா பெர்சு, ஒரு கை குடுக்காம வேடிக்க பாத்துகினு கீற?"

"யம்மா, இது வண்டி இல்லம்மா. ரயிலு சத்தம்!"

"காலையிலியே போட்டுகினு வந்துட்டியா? நவுரு, நவுரு."

தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று இந்த மடலை நடுவில் நிறுத்திவிட்டு, வசந்தியிடம் அந்தக் கட்டுரையையும் சொல்லி எழுதவைத்தேன். அன்று வாசிக்கையில் நீங்கள் இருமின இடத்தில் என்னையும் அறியாமல் இருமினேன். "இதையும் எழுதணுமா மாமா?" என்றாள். வேண்டாம் என்று இப்போது சொல்லத் தெரிகிறது. நீங்கள் நிறுத்திய இடத்தில் தாரையும் மணலையும் போடச் சொன்னேன்: மேலே தார், கீழே மணல், அதனால் சத்தம் கீழே திரும்புகிறது. எழுதினவள் நிமிர்ந்து, "அப்போ மத்தியானம் தரை கொதிக்குமே, கீழதான தாரு? சத்தம் மேல போயிடுமா?" என்றாள். போயிடும் என்றேன். அதனால்தான் கேட்பதில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

பத்திரிகை இப்போது வருவதில்லை சார். எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் அடியில் உங்கள் பேரைப் போடச் சொல்லியிருக்கிறேன். அந்த மணல் மட்டும் என்னுடையது.